பெரிய மீன் தொட்டிக்கு ஒற்றை வடிகுழாய் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பெரிய மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விளக்கு, நீர்த்தாவரம், மீன்களின் இணக்கம் ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. அவற்றை எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில் தரப்பட்டிருந்த மூன்று யோசனைகளை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அந்த யோசனைகள் இவை: வழிந்தோடும் குழாய் இரைச்சல் போட்டால் அதன் வாயில் பஞ்சு செருகலாம். தண்ணீர்ச் சுழற்சி மந்தமாக இருந்தால் பெரிய பம்ப் மாட்டலாம். மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் கீழே இறங்காமலிருக்க ஒரு நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டுக்கொண்டால் கவலையில்லை. இந்த மூன்றையும் நம்பித் தன் தொட்டியின் குழாய்களை ஒருவர் மாற்றியமைத்தால், என்றாவது ஒருநாள் அவர் வீட்டுத் தரையில் தண்ணீர் நிற்பது உறுதி. அதற்கான காரணங்களையும், சரியான மாற்று வழியையும் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பல ஆண்டுகளாகப் பெரிய தொட்டி வைத்திருப்பவன் நான். நண்பர்கள் சிலருடைய தொட்டிகளில் குழாய் மாற்றும் வேலையில் உடன் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் கருத்து ஒன்றே: மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவதற்கு ஒரே ஒரு வடிகுழாயை மட்டும் நம்பியிருக்கும் எந்த அமைப்பும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அரைகுறையானதே. சத்தத்தைக் குறைப்பது, சுழற்சியைக் கூட்டுவது எல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள். பம்ப் நின்றால் தண்ணீர் எங்கே போகும், குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்த அமைப்பைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பெரிய தொட்டிகளில் வடிகட்டியைத் தொட்டிக்குள்ளேயே வைக்காமல், கீழே நிலைப்பெட்டிக்குள் இன்னொரு தொட்டியில் வைப்பார்கள். இதைச் சம்ப் என்பார்கள். மேல்தொட்டியின் ஓரத்தில் ஒரு தடுப்புப் பெட்டி இருக்கும். அதன் விளிம்பைத் தாண்டி வழியும் தண்ணீர் பெட்டிக்குள் விழுந்து, குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். அங்கே வடிகட்டப்பட்ட தண்ணீரைப் பம்ப் மறுபடியும் மேலே ஏற்றும். மேல்தொட்டியின் நீர்மட்டம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதும், மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் தானாக நீங்குவதும், ஹீட்டர் முதலிய கருவிகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருப்பதும் இந்த முறையின் நன்மைகள். தண்ணீரை மேலே அனுப்புவது மின்சாரம். கீழே இறக்குவது புவியீர்ப்பு. மின்சாரம் நிற்கலாம், புவியீர்ப்பு நிற்காது. குழாய் மட்டும் அடைத்துக்கொள்ளலாம். எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 180 செ.மீ. நீளமும், 60 செ.மீ. அகலமும், 60 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி விளிம்புவரை 648 லிட்டர் கொள்ளும். அதன் மேற்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது 10.8 லிட்டர். இந்த ஓர் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். மணிக்கு மூன்று முறை தொட்டித் தண்ணீர் முழுவதும் சம்பு வழியாகச் சுற்றிவர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பம்ப் ஏறக்குறைய மணிக்கு 2,000 லிட்டரை மேலே அனுப்ப வேண்டும். இப்போது ஒற்றை வடிகுழாயின் வாயில் ஒரு பஞ்சைச் செருகுகிறோம். முதல் வாரம் சத்தம் குறையும். பிறகு மீன் கழிவும், அழுகிய இலைத் துணுக்கும், பாசியும் அந்தப் பஞ்சின் துளைகளில் ஏறும். ஒரு நாள் இரவு அது முழுமையாக அடைத்துக்கொண்டால், மேல்தொட்டியின் நீர்மட்டம் ஏறத்தாழ 19 வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் உயரும். விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், ஒரு நிமிடத்துக்குள் அது நிரம்பிவிடும். அதன்பின் சம்பில் பம்பின் வாய்க்கு மேலே இருக்கும் தண்ணீர் எல்லாம் தரைக்குத்தான் வரும். தண்ணீர் தீர்ந்ததும் பம்ப் வறண்டு ஓடிச் சூடேறும். பஞ்சு என்று இல்லை. ஒரு நத்தை, ஒரு பெரிய இலை, எப்போதோ பெட்டிக்குள் குதித்துவிட்ட ஒரு சிறு மீன், எதுவும் இதே வேலையைச் செய்யும்.

நான் ரிட்டர்ன் வால்வைப் பற்றியது அடுத்தது. மின்சாரம் நின்றதும், பம்பிலிருந்து மேலே செல்லும் குழாய் தலைகீழாக வேலை செய்யத் தொடங்குகிறது. அதன் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அது ஒரு சைஃபனாக மாறி, மேல்தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். முனை நீர்மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் 108 லிட்டர் இறங்கிய பிறகே காற்று புகுந்து அது நிற்கும். அவ்வளவு தண்ணீரை ஏற்கச் சம்பில் இடம் இருக்காது. இதைத் தடுப்பதற்காகத்தான் வால்வைப் போடச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வால்வுக்குள் இருப்பது ஒரு சிறு மடல், அல்லது ஒரு வில்சுருளும் தக்கையும். நண்பர் ஒருவரின் தொட்டியில் குழாயைக் கழற்றியபோது அந்த மடலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மடல் வந்து உட்கார வேண்டிய வளையத்தைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஒரு பக்கத்தில் மிளகைவிடச் சிறிய ஒரு நத்தை ஓடு சிக்கி, மடலை நூலளவு தூக்கிப் பிடித்திருந்தது. அந்த நூலளவு இடைவெளியே ஓர் இரவில் தொட்டித் தண்ணீரைக் குழாய்முனையின் மட்டம்வரை சம்புக்குள் இறக்கப் போதுமானது. வால்வு புதிதாக இருந்தபோது நன்றாகவே வேலை செய்தது என்று அவர் சொன்னதும் உண்மைதான். இந்த வால்வுகள் எல்லாமே புதிதில் நன்றாக வேலை செய்யும்.

வால்வைப் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இல்லை என்று வைத்துக்கொண்டே மற்றவற்றை அமைக்க வேண்டும் என்கிறேன். மேலேறும் குழாயின் முனையை நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே மட்டும் வைத்தால், மின்சாரம் நிற்கும்போது அதன் வழியாக இறங்குவது ஏறக்குறைய 22 லிட்டர்தான். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளை ஒன்று இட்டுவைத்தால், மட்டம் சற்று இறங்கியதுமே காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையையும் பாசி மூடிவிடும் என்பதால், கண்ணாடி துடைக்கும்போதெல்லாம் ஒரு பல்குத்தும் குச்சியை அதில் விட்டு எடுப்பது வழக்கமாக வேண்டும். துளையை மட்டும் நம்பி முனையை ஆழத்தில் வைப்பதும் தவறு. முனையின் உயரம் அடைத்துக்கொள்வதில்லை, துருப்பிடிப்பதில்லை. ஆகவே அதுவே முதல் காவல்.

பெரிய பம்ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் அளந்த கணக்கு. ஒன்றரை மீட்டர் உயரமும், எல்போ என்னும் வளைவு இணைப்புகள் நாலைந்தும் சேர்ந்தால் அது கணிசமாகக் குறையும். அப்படியிருக்க, குறைந்துவிட்டதே என்று பம்பை மாற்றுவதற்கு முன் குழாயைப் பார்க்க வேண்டும்: விட்டம் சிறிதாக இருக்கிறதா, தேவையில்லாத வளைவுகள் இருக்கின்றனவா, உட்புறம் பாசி ஏறியிருக்கிறதா என்று. மேலும், வடிகுழாயின் தாங்குதிறனுக்கு மேற்பட்ட எந்தப் பம்பும் ஆபத்தே. தொட்டிக்குள் மீன்களுக்கு வேண்டிய நீரோட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே ஒரு சிறு விசிறிப் பம்ப் வைத்து உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்காகச் சம்பின் வழியாக மணிக்குப் பத்து முறை தண்ணீரைச் சுற்றவிட வேண்டிய அவசியமில்லை.

இனி இரைச்சலுக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் குழாய்களை மாற்ற நினைப்பதே அதனால்தான். இரவில் படுக்கையறைவரை கேட்கும் அந்தக் களகளச் சத்தத்தோடு வாழ்வது எளிதன்று என்பதை அறிவேன். சத்தம் எழுவது தண்ணீரால் அன்று, தண்ணீரோடு சேர்ந்து இறங்கும் காற்றால். திறந்த குழாயில் தண்ணீர் விழும்போது, காற்றையும் விழுங்கிக்கொண்டு, இடையிடையே நிரம்பியும் விடுபட்டும் இறங்குகிறது. டர்சோ என்று பெயர் பெற்ற நிற்குழாய், மேற்புறத்தில் கீழ்நோக்கி வளைந்த வாயும் உச்சியில் ஒரு காற்றுத் துளையும் கொண்டு, காற்றைச் சீராக உள்ளே விட்டு இந்தச் சத்தத்தைக் குறைக்கிறது. ஆனால் அதே விட்டமுள்ள குழாய் காற்றே இல்லாமல் இறக்கக்கூடிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவைத்தான் அது அமைதியாக இறக்கும். அதற்கு மேல் போனால் மீண்டும் களகளப்பு தொடங்கிவிடும்.

காற்றை முற்றிலும் விலக்குவது இன்னொரு வழி. பெட்டிக்குள் நீர்மட்டத்துக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே குழாயின் வாய் மூழ்கியிருக்கும்படி வைத்து, கீழே சம்புக்கு மேலே ஒரு கேட் வால்வைப் பொருத்தி, பம்ப் ஏற்றும் அளவும் குழாய் இறக்கும் அளவும் சமமாகும்வரை அந்த வால்வை மெல்ல மெல்ல மூடிவர வேண்டும். அப்போது குழாய் முழுவதும் தண்ணீர் மட்டுமே நிரம்பி, முழு சைஃபனாக இயங்கும். அந்தக் கணத்தை நேரில் கண்டவர்களுக்கு அதன் மகிழ்ச்சி தெரியும்: சம்பில் கொப்பளித்துக்கொண்டிருந்த குமிழிகள் மெல்லக் குறைந்து, கடைசிக் குமிழியும் வெளியேறியதும் சத்தம் ஒரேயடியாக நின்றுவிடும், தண்ணீர் ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பெட்டி நீர்மட்டத்துக்கும் சம்பு நீர்மட்டத்துக்கும் இடையே 90 செ.மீ. உயரம் இருந்தால், உள்விட்டம் 20 மி.மீ. கொண்ட குழாய்கூட இப்படி மணிக்கு 2,000 லிட்டருக்கு மேல் இறக்கும், 25 மி.மீ. குழாய் 3,000 லிட்டரைத் தாண்டும்.

ஆனால் முழு சைஃபனுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது சமநிலையில் நிற்பது. பம்பில் சிறிது பாசி ஏறினால் பெட்டியின் மட்டம் இறங்கும். வால்வில் ஒரு நார் சிக்கினால் மட்டம் ஏறும். தானாகத் திருத்திக்கொள்ளும் இடம் அதில் மிகக் குறைவு. ஆகவே அதன் பக்கத்தில், வால்வு எதுவும் இல்லாமல், வாய் திறந்தபடி, வெறுமையாக நிற்கும் இரண்டாவது குழாய் ஒன்று, காவல் குழாயாக, கட்டாயம் இருக்க வேண்டும். முதல் குழாய் அடைத்தால் பெட்டியில் ஏறும் தண்ணீர் இரண்டாவது குழாயின் வாயைத் தொட்டதும் அதில் இறங்கிவிடும். அப்போது எழும் பெருஞ்சத்தமே எச்சரிக்கை மணி. இந்த இரட்டைக் குழாய் முறையை ஹெர்பி முறை என்று மீன் வளர்ப்போர் அழைக்கிறார்கள். இரண்டாவது குழாய், பம்ப் ஏற்றும் தண்ணீர் முழுவதையும் தனியாகவே இறக்கும் அளவு அகலமாக இருக்க வேண்டும். அதில் வால்வு, வலை, பஞ்சு என்று எதையும் வைக்கக் கூடாது. மீன் விழுந்துவிடும் என்று வலை கட்ட நினைப்பவர்கள், அந்த வலையைப் பெட்டியின் விளிம்பில் கட்டட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி என்னவென்றால், மூலையில் தடுப்புப் பெட்டியோடு விற்பனைக்கு வரும் பல தொட்டிகளை இந்த முறைக்கு மாற்றக் கண்ணாடியில் புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. அந்தப் பெட்டியின் அடியில் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். பெரியது வடிகுழாய்க்கு, சிறியது பம்பிலிருந்து மேலேறும் குழாய்க்கு. சிறிய துளையில் முழு சைஃபன் குழாயையும், பெரிய துளையில் காவல் குழாயையும் வைத்துவிட்டு, மேலேறும் குழாயைத் தொட்டியின் பின்புறமாகக் கொண்டுபோய் விளிம்புக்கு மேலாக வளைத்து உள்ளே விட வேண்டும். பார்வைக்குக் குழாய் ஒன்று கூடுதலாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு இழப்பில்லை.  பம்பின் அளவு சிறிய துளையின் திறனுக்குள் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் துளை போட முடிகிறவர்களுக்கு மூன்று குழாய் முறையே சிறந்தது. பீன் அனிமல் முறை என்ற பெயரில் அது பரவியிருக்கிறது. முதல் குழாய் முழு சைஃபன். மூன்றாவது வெறுமையான காவல் குழாய். இடையில் உள்ள இரண்டாவது குழாய், முதல் குழாய் விட்டுவைக்கும் சிறிதளவு தண்ணீரை மட்டும் சுவரை ஒட்டினாற்போல் சத்தமின்றி இறக்குகிறது. அதன் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழல் வந்து, வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முடிந்திருக்கும். முதல் குழாய் அடைத்து மட்டம் ஏறினால், அந்தக் குழலின் முனை மூழ்கிக் காற்று நின்று, இரண்டாவது குழாய் தானே முழு சைஃபனாக மாறி வேலையை ஏற்றுக்கொள்ளும். மின்னணுக் கருவி ஏதுமில்லாமல், தண்ணீரின் மட்டமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அந்த ஏற்பாட்டை நான் எப்போதும் வியந்து பார்ப்பதுண்டு. இரட்டைக் குழாய் முறையில் சிலர் காவல் குழாயிலேயே எப்போதும் சிறிது தண்ணீர் ஒழுகும்படி விட்டுவைக்கிறார்கள். வால்வைத் திருத்தும் வேலை குறையும் என்பது அவர்கள் வாதம். எப்போதும் ஈரமாக இருக்கும் குழாயில் பாசி ஏறும், நத்தை குடியேறும். காவல் குழாய் காய்ந்து கிடக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

சைஃபன் குழாயின் வால்வு, உள்ளே உருண்டை உள்ள பால் (ball) வால்வாக இருக்கக் கூடாது. கால் திருப்பில் முழுதும் மூடிக்கொள்ளும் அதில் நுண்மையாகத் திருத்த முடியாது. பல சுற்றுகளில் மூடும் கேட் வால்வே தேவை. குழாயின் அடிமுனை சம்பு நீர்மட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் மட்டுமே மூழ்கியிருக்கட்டும். ஆழமாக மூழ்கியிருந்தால், மின்சாரம் திரும்பி வந்து பம்ப் தொடங்கும்போது குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியே தள்ள முடியாமல் தண்ணீர் திணறும், சைஃபன் பிடிக்காது. செங்குத்தான 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை எல்போ இரண்டைப் போடுவதும், படுக்கையாகச் செல்லும் நீளத்தைத் தவிர்ப்பதும் நல்லது. வால்வுக்கு இருபுறமும் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் கழற்றிக் கழுவும்போது ரம்பம் வேண்டியிராது.

தடுப்புப் பெட்டியின் சீப்பு விளிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன் உள்ளே போகாமலிருக்கப் பல் பல்லாக வெட்டியிருக்கும் அந்த விளிம்பு, தண்ணீர் வழியும் அகலத்தில் பாதியை மறைத்துவிடுகிறது. 40 செ.மீ. நீளமுள்ள நேரான விளிம்பில் மணிக்கு 2,000 லிட்டர் வழியும்போது அதன்மேல் தண்ணீர் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். பற்கள் பாதியை அடைத்தால் அது 13 மில்லிமீட்டராகிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், மின்சாரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஐந்து லிட்டருக்கு மேல் கூடுதலாகக் கீழே இறங்குகிறது. மேற்பரப்புப் படலத்தைக் கழிப்பதிலும் நேரான விளிம்பே மேலானது. குதிக்கும் மீன்கள் இருந்தால் விளிம்புக்கு மேலே மெல்லிய வலையைத் தனியாகப் பொருத்தலாம்.

கண்ணாடியில் துளை போடுவதாக இருந்தால், அது டஃபன்டு கண்ணாடியா (சூடாக்கிக் குளிர்வித்து வலுவூட்டியதா) என்பதை உறுதிசெய்யாமல் கருவியை அருகில் கொண்டுபோகக் கூடாது. அப்படிப்பட்ட கண்ணாடி துளை தாங்காது; துளையிடும்போது முழுதும் பொடிப்பொடியாகச் சிதறும். தொட்டிகளில் பக்கக் கண்ணாடிகள் சாதாரணமாக இருந்தாலும் அடிக்கண்ணாடி மட்டும் டஃபன்டாக இருப்பது உண்டு. வெறும் தொட்டிக்கு ஒருபுறம் கணினியின் வெண்திரையை வைத்து, மறுபுறமிருந்து போலராய்டு கண்ணாடி அணிந்து பார்த்தால், டஃபன்டு கண்ணாடியில் கருமையான பட்டைகளோ புள்ளிகளோ தெரியும். சாதாரணக் கண்ணாடி என்று உறுதியானால், வைரத்தூள் பூசிய வட்ட ரம்பத்தால், குறைந்த வேகத்தில், கையின் பாரத்தைக் கொடுக்காமல், இடைவிடாது தண்ணீர் ஊற்றிக்கொண்டு துளையிட வேண்டும். துளைக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவுக்காவது இடம் விடப்பட வேண்டும். அவசரப்படுவோர் கடைசி ஒரு மில்லிமீட்டரில்தான் கண்ணாடியை உடைக்கிறார்கள். மறுபுறம் ஒட்டுநாடா ஒட்டி, முடிவை நெருங்கும்போது இன்னும் மெதுவாகச் செல்வதே வழி.

துளையில் பொருத்தும் டேங்க் நிப்பிளின் (குழாயைக் கண்ணாடியோடு இணைக்கும் துண்டின்) ரப்பர் வளையம், அகன்ற தட்டு உள்ள பக்கத்தில், கண்ணாடியை ஒட்டி இருக்க வேண்டும். மரை உள்ள பக்கத்தில் அன்று. கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். பல நிப்பிள்களில் மரை இடப்பக்கமாகச் சுற்றுவதால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக் கண்ணாடியை விரியவிட்டவர்களும் உண்டு. ரப்பர் வளையத்தின்மேல் சிலிகான் பூச வேண்டாம். பிவிசி குழாய்களை அதற்குரிய சொல்யூஷன் பூசிக் கால் திருப்புத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் முழுதும் உலரவிட வேண்டும். தடுப்புப் பெட்டியை ஒட்டச் சிலிகான் பயன்படுத்தினால், பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலக்காததைத் தேர்ந்து, பழைய சிலிகானைப் பிளேடால் முழுதும் சுரண்டிய பிறகே புதியதைப் பூச வேண்டும். காய்ந்த சிலிகான்மேல் புதிய சிலிகான் சரியாகப் பிடிக்காது. பித்தளை வால்வோ, செம்பு இணைப்போ எந்த இடத்திலும் வேண்டாம். அதிலிருந்து கரையும் செம்பு, மீனைவிட முன்னதாக இறால்களையும் நத்தைகளையும் பவளங்களையும் கொல்லும்.

மின் இணைப்புகள் சம்பின் மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு கம்பியும் பிளக்கை அடைவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறினால், கம்பி வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் மீன் தொட்டிக் கருவிகளைப் பொருத்துவது உயிரோடு விளையாடுவது.

வேலை நடக்கும் நாட்களில் மீன்களை எங்கே வைப்பது என்பதைப் பலரும் யோசித்துவிடுகிறார்கள். வடிகட்டிப் பொருட்களை எங்கே வைப்பது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தப் பொருட்களின்மேல்தான் வாழ்கின்றன. அவை காய்ந்தாலும் சாகும், காற்றில்லாமல் தேங்கிய தண்ணீரில் கிடந்தாலும் சாகும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் சாகும். தொட்டித் தண்ணீரிலேயே அவற்றை மூழ்கவைத்து, ஒரு காற்றுப் பம்பின் குழலை அதில் விட்டுவைக்க வேண்டும். மீன்கள் இருக்கும் தற்காலிகத் தொட்டிக்கே அவற்றில் ஒரு பகுதியை மாற்றிவிடுவது இன்னும் நல்லது. அந்த நாட்களில் தீனியை மிகவும் குறைத்துவிடலாம். வளர்ந்த மீன்கள் ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. புதிய குழாய்கள் நல்லபடி அமைந்து, அழகான தொட்டியில் மீன்கள் மட்டும் செத்து மிதந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்த ஒன்றை மறந்ததால் நேர்ந்தவை.

குழாய்கள் உலர்ந்த பின், மீன்களை விடுவதற்கு முன், வெறும் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுதும் ஓடவிட வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி மெல்லிய காகிதக் கைக்குட்டையைக் கட்டிவைத்தால், விரலுக்குத் தெரியாத கசிவையும் அது காட்டிக்கொடுக்கும். பிறகு இரண்டு சோதனைகள். முதலில் பம்பை நிறுத்துங்கள். மேலிருந்து இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடிந்ததும் சம்பு விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள். விளிம்பை நெருங்கினால் இயங்கும்போதுள்ள மட்டத்தைக் குறைத்துக்கொண்டு, அந்த மட்டத்தைச் சம்பின் கண்ணாடியில் கோடிட்டுவையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருநாளும் நிரப்பக் கூடாது. மீண்டும் பம்பை ஓடவிட்டு, யாருடைய உதவியும் இல்லாமல் சைஃபன் தானே பிடித்துக்கொள்கிறதா என்பதையும் இரண்டு, மூன்று முறை பாருங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோதும் மின்சாரம் நின்று திரும்பி வரும் அல்லவா?

இரண்டாவது சோதனையைச் செய்யப் பலருக்கும் துணிவு வருவதில்லை. ஆனால் முதலாவதைவிட அதுவே முக்கியம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் ஸ்விட்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சைஃபன் குழாயின் வால்வை முழுதும் மூடுங்கள். காவல் குழாய் ஒன்றே முழுத் தண்ணீரையும் இறக்க வேண்டும். தொட்டியின் மட்டம் விளிம்புக்குக் கீழே ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பம்பைச் சிறிதாக்குங்கள், அல்லது அந்தக் குழாயைப் பெரிதாக்குங்கள், இடைவழி கிடையாது. இதற்கும் மேல் ஒரு காவல் வேண்டுமென்றால், சம்பில் பம்ப் இருக்கும் அறையை அளந்து பார்க்கலாம். அந்த அறை 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் கொண்டது, பம்பின் வாய்க்கு மேலே 20 செ.மீ. தண்ணீர் நிற்கிறது என்றால், எல்லா வடிகுழாய்களும் அடைத்தாலும் மேலே போகக்கூடியது 32 லிட்டர்தான். நாம் எடுத்துக்கொண்ட தொட்டியில் அது மூன்று சென்டிமீட்டர் உயர்வு. இயங்கும் நீர்மட்டத்துக்கு மேலே நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் ஒரு சொட்டும் தரைக்கு வராது.

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டத் தானியங்கி நிரப்பி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். அதன் மிதவை அந்தப் பம்ப் அறையில்தான் இருக்கும். வடிகுழாய் அடைத்து அந்த அறையின் மட்டம் இறங்கும்போது, தண்ணீர் ஆவியாகிவிட்டதாக எண்ணி அது தன் வாளியிலுள்ளதையும் சேர்த்து ஊற்றும். அதுவும் மேலே ஏறும். ஆகவே அந்த வாளி சிறியதாக இருப்பதே பாதுகாப்பு. கடல்நீர்த் தொட்டி என்றால், இப்படிச் சேரும் நன்னீரால் உப்பின் அளவு குறைவது தனிக் கேடு.

தொட்டி செய்து விற்பவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். மீன்களை நேசித்து வாங்க வருபவர்களிடம் ஒற்றைத் துளை போட்ட பெரிய தொட்டிகளை விற்காதீர்கள். கண்ணாடி மேசைமேல் வெறுமையாகக் கிடக்கும்போது இன்னொரு துளை போடுவது சில நிமிட வேலை; தண்ணீரும் மணலும் மீன்களும் நிறைந்த பிறகு அதே வேலைக்கு ஒரு குடும்பமே நாட்கணக்கில் அல்லாட வேண்டியிருக்கிறது.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, வடிகுழாயில் ஏற்கெனவே பஞ்சு செருகியிருக்கும் வாசகர்கள் இருந்தால், வேறெதையும் செய்வதற்கு முன் முதலில் அதை எடுத்துவிடும்படி வேண்டுகிறேன். வார இணைப்பின் அடுத்த இதழ்களில் ஒன்றில் இரட்டைக் குழாய், மூன்று குழாய் அமைப்புகளின் படங்களை, குழாய் வாய்களின் உயரங்கள் தெளிவாகத் தெரியும்படி வரைந்து வெளியிட்டால் பலருக்கும் பயன்படும். எழுத்தில் நான் சொன்ன உயரங்களைப் படமாகப் பார்க்கும்போது, வேலை செய்யும் பிளம்பரிடம் விளக்குவதும் எளிதாகும்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்